பழி சுமந்த விஞ்ஞானி: வால்டெமார் ஹாஃப்கின்

புத்தூர்க் கட்டு என்றால் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். கை முறிந்தாலும் கால் பிசகினாலும் சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வண்டி பிடித்து, திருப்பதி வழியிலுள்ள நம் புத்தூருக்கு வந்துவிடுகிறார்கள். அங்கே பச்சிலை அரைப்பவரும், மூங்கில் சிம்பு வைத்துத் துணி சுற்றுபவரும், நாள் கழித்துக் கட்டைப் பிரித்துப் பார்ப்பவரும் பெரும்பாலும் ஒரே வீட்டார். எலும்பு நேராகக் கூடினால் புகழ் அந்த வீட்டுக்கு. கோணலாகக் கூடினால் பழியும் அந்த வீட்டுக்கே. யார் பொறுப்பு என்று தேடித் திரிய வேண்டியதில்லை.

தடுப்பூசி மருந்தின் கதை அப்படிப்பட்டதன்று. கிருமியை வளர்ப்பவர் ஒருவர், அதைச் சூடேற்றிக் கொல்பவர் ஒருவர், குப்பியில் அடைத்துத் தக்கை இடுபவர் ஒருவர், ரயிலேற்றுபவர் ஒருவர், ஊசியைக் குத்துபவர் ஒருவர். இத்தனை கைகள் மாறி வந்த மருந்து எங்கோ ஓரிடத்தில் நஞ்சானால் பழி யாரைச் சேரும்? பொறுப்பு யாருடையது? பழியும் பொறுப்பும் ஒன்றுதானா?

இந்தக் கேள்விகளைப் புத்தகத்தில் படிக்காமல் தம் வாழ்க்கையிலேயே சந்தித்தவர் ஒருவர் உண்டு. இந்தியாவில் காலராவுக்கும் பிளேக்குக்கும் ஊசி கொண்டுவந்தவர் அவர். மும்பைப் பரேலில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் இன்றும் விளங்குகிறது. அறிவியல் படிக்கும் நாம் அறிந்திருக்க வேண்டிய அந்த வரலாறு, வால்டெமார் ஹாஃப்கினுடைய வரலாறு.

ஒடெஸ்ஸாவின் இளைஞர்

ஹாஃப்கின் 1860-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள், கருங்கடற்கரைத் துறைமுகமான ஒடெஸ்ஸாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரம் அன்று ரஷியப் பேரரசில் இருந்தது; இன்று உக்ரைனில் உள்ளது. 1879-இல் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து விலங்கியல் பயின்றார். அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் மெச்னிக்கோவ். நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை விழுங்குகின்றன என்று கண்டு, பிற்காலத்தில், 1908-இல், நோபல் பரிசு பெற்ற பேரறிஞர் அவர்.

1881-இல் ரஷியப் பேரரசர் இரண்டாம் அலெக்ஸாந்தர் கொலையுண்டார். அதையே சாக்காகக் கொண்டு யூதர் வாழும் தெருக்கள் சூறையாடப்பட்டன. தம் மக்களைக் காக்கத் திரண்ட இளைஞர்களோடு ஹாஃப்கினும் நின்றார், காயமுற்றார், சிறை புகுந்தார். மெச்னிக்கோவ் பரிந்து பேசியதால் விடுதலை பெற்றார். பட்டமும் பெற்றார். ஆனால் பேராசிரியர் பதவி வேண்டுமாயின் மதம் மாற வேண்டும் என்ற நிலை குறுக்கே நின்றது. அவர் மாற மறுத்தார். விலங்கியற் காட்சிச்சாலையில் கிடைத்த சிறு வேலையோடு சில ஆண்டுகளைக் கழித்தார்.

1888-இல் நாட்டை விட்டு ஜெனீவா சென்றார். அடுத்த ஆண்டு பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தை அடைந்தார். அங்கும் ஆராய்ச்சியாளர் இடம் காலியாக இல்லை. நூலகத்தில் உதவியாளர் வேலையே இருந்தது. அதை ஏற்றார். நூலக வேலை போக எஞ்சிய நேரமெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கழிந்தது. மருத்துவப் பட்டம் அவருக்கு இல்லை என்பதையும், எங்கு சென்றாலும் அவர் அயலாராகவே இருந்தார் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். இவ்விரண்டும் பின்னால் அவருக்கு எதிராக நின்றன.

தம் உடம்பே முதற்களம்

அந்நாளில் காலரா ஐரோப்பாவை அலைக்கழித்துக்கொண்டிருந்தது. ஹாஃப்கின் காலராக் கிருமியை எடுத்துக்கொண்டார். ஒரு பகுதியை வெப்பத்திலும் காற்றோட்டத்திலும் வளர்த்து வலிமை குன்றச் செய்தார். மற்றொரு பகுதியைக் கினிப் பன்றிகளின் உடலுக்குள் மீண்டும் மீண்டும் செலுத்தி வலிமை மிகச் செய்தார். முதலில் மெலிந்ததைக் குத்தி உடலைப் பழக்குவது, சில நாள் கழித்து வலியதைக் குத்தி உறுதிப்படுத்துவது என்பது அவர் கண்ட முறை.

விலங்குகளிடம் முறை வெற்றி பெற்றது. மனிதனிடம்? 1892-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் தம் உடலிலேயே அம்மருந்தைச் செலுத்திக்கொண்டார். காய்ச்சல் கண்டது, நலமாயிற்று. அதன் பின்னரே நண்பர்கள் சிலருக்குக் குத்தினார். பிறர் உடலில் செலுத்துவதற்கு முன் தம் உடலில் என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட சட்டம். அக்காலத்தில் இதற்கென அரசாங்கச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. சட்டம் இல்லாத இடத்தில் மனச்சான்றைச் சட்டமாக வைத்துக்கொண்டார் என்று சொல்லலாம்.

ஆயினும் ஒருவர் பிழைத்தது சான்றாகுமா? ஆகாது. பலரிடம் பார்க்க வேண்டும்; காலரா உள்ள நாட்டில் பார்க்க வேண்டும். பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த டஃபரின் பிரபு முன்பு இந்தியாவின் வைசிராயாக இருந்தவர். அவருடைய துணையோடு ஹாஃப்கின் 1893 மார்ச்சில் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

கல்கத்தாவின் குடிசைகளில்

வெள்ளைக்காரர் ஒருவர் ஊசியோடு வந்தால் மக்கள் அஞ்சாதிருப்பரா? அஞ்சினர், சில இடங்களில் எதிர்த்தனர். ஹாஃப்கின் மக்கள் முன்னிலையில் தம் உடலில் முதலில் குத்திக்காட்டினார். வங்காள மருத்துவர் சிலர் அவருக்குத் துணையாக நின்றனர். கல்கத்தா நகரச் சுகாதார அதிகாரி சிம்ப்சன் உறுதுணையாக இருந்தார். இந்தச் சிம்ப்சனை மறந்துவிட வேண்டாம், பின்னால் வருகிறார்.

1894-இல் கட்டல் பகான் என்னும் குடிசைப் பகுதியில் காலரா கண்டது. அங்கிருந்தோர் ஏறத்தாழ 200 பேர். அவர்களுள் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன்பின் அங்கே பத்துப் பேருக்குக் காலரா வந்தது. பத்துப் பேரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள்! ஒரே குளத்து நீரைக் குடித்தவர்கள், ஒரே கூரையின் கீழ்ப் படுத்தவர்கள். ஆனாலும் இவ்வளவு வேறுபாடு.

இதில் ஹாஃப்கினின் அறிவியல் நேர்மை புலனாகிறது. ஊசி போட்டவர்களை மட்டும் எண்ணி, இத்தனை பேர் பிழைத்தனர் என்று பறைசாற்ற அவர் விரும்பவில்லை. ஒரே இடத்தில், ஒரே நிலையில் வாழ்வோருள் போட்டவர் எத்தனை, போடாதவர் எத்தனை, நோயுற்றோர் யார் யார் என்று இரு பக்கமும் கணக்கு வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க இடமில்லாத வெற்றி வெற்றியாகாது என்பது அறிவியலின் அடிப்படை. இரண்டரை ஆண்டுகளுக்குள் 42,000 பேருக்கு மேல் காலரா ஊசி குத்தப்பட்டது. ஓயாத அலைச்சலில் அவரையே மலேரியா பற்றியது; 1895-இல் உடல் நலிந்து இங்கிலாந்து திரும்பினார்.

பம்பாயில் பிளேக்

அவர் மீண்டும் இந்தியா வந்த 1896-ஆம் ஆண்டிலேயே பம்பாயில் பிளேக் தோன்றியது. நகரம் நடுங்கியது, மக்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறினர். அக்டோபரில் அரசாங்கம் ஹாஃப்கினை அங்கே அனுப்பியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும், ஓர் எழுத்தரும் மூன்று ஏவலரும்: இவ்வளவே அவருக்குக் கிடைத்த ஆராய்ச்சிச்சாலை.

குடுவையில் இறைச்சிச் சாறு எடுத்து, அதன் மேல் நம் வீட்டு நெய்யைச் சில துளி மிதக்கவிட்டார். அந்த நெய்த்துளியைப் பற்றிக்கொண்டு பிளேக் கிருமிகள் விழுது விழுதாகக் கீழ்நோக்கி வளர்ந்தன. சில வாரம் வளர்ந்தபின் சூடேற்றிக் கிருமிகளைக் கொன்றார். வேறு கிருமி புகுந்து பெருகாதிருக்கக் கார்பாலிக் அமிலம் சிறிதளவு சேர்த்தார். சமையலறை நெய்யைக் கொண்டு கொள்ளை நோயை எதிர்க்க முனைந்த அந்த அறிவை என்னென்பது!

1897 ஜனவரி 10-ஆம் நாள் மீண்டும் தம் உடலிலேயே முதல் ஊசி. பிறருக்குப் பின்னர்க் கொடுத்த அளவினும் பன்மடங்கு மிகுதியாகத் தாம் எடுத்துக்கொண்டார். கடுங்காய்ச்சல் கண்டு சில நாளில் தேறினார். அம்மாத இறுதியில் பைகுல்லாச் சிறையில் பிளேக் புகுந்தது. அங்கே விருப்பம் தெரிவித்த கைதிகளுக்கு ஊசி போடப்பட்டது. மருந்து வேலை செய்யத் தொடங்கிய பின், போடாதவர்களுள் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தனர். போட்டவர்களுள் 2 பேருக்கு நோய் கண்டது, எவரும் இறக்கவில்லை.

சிறையிலிருப்பவனின் விருப்பம் உண்மையான விருப்பமா என்று இன்று நாம் கேட்போம், கேட்கவும் வேண்டும். மனிதர் மீது செய்யும் சோதனைக்கு முழு விளக்கமும் தடையற்ற இசைவும் வேண்டும் என்னும் விதி உலகில் ஊன்றியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரேயாம். ஹாஃப்கினின் காலம் அந்த விதியைக் காணாத காலம்.

அதே ஆண்டில் அரசாங்கம் வேறொரு வழியில் சென்றது. 1897-இல் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. அதிகாரிகளும் சிப்பாய்களும் வீடு புகுந்து சோதித்தனர். நோயுற்றோரைக் குடும்பத்திலிருந்து பிரித்தனர். மக்கள் உள்ளம் கொதித்தது. பூனாவில் பிளேக் அதிகாரி ராண்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பக்கம் சட்டத்தின் கை. மறுபக்கம் முதலில் தன் தோளைக் காட்டிய ஊசி. இரண்டுள் மக்கள் எதை நம்பினர்? இஸ்மாயிலிகளின் தலைவரான இளைஞர் ஆகா கான் தம்மவர் முன் ஊசி போட்டுக்கொண்டார். ஆராய்ச்சிக்குத் தம் மாளிகையொன்றையும் தந்தார். அவரைப் பின்பற்றி ஆயிரக்கணக்கானோர் வந்தனர். 1899-இல் பரேலிலிருந்த பழைய கவர்னர் மாளிகையில் பிளேக் ஆராய்ச்சிச்சாலை திறக்கப்பட்டது. ஹாஃப்கின் அதன் தலைவரானார்.

மல்கோவால்

1902-இல் பிளேக் பஞ்சாபைச் சூறையாடியது. இலட்சக்கணக்கானோருக்கு ஊசி வேண்டும், உடனே வேண்டும் என்று பஞ்சாப் அரசாங்கம் கேட்டது. அதற்கு ஈடுகொடுக்க ஹாஃப்கின் தயாரிப்பு முறையை மாற்றினார். கார்பாலிக் அமிலத்தை நீக்கினார். வெப்பத்தால் மட்டுமே கிருமி நீக்கினார். இது பாஸ்டர் நிலையத்தில் முன்பே கைக்கொண்ட முறைதான். தயாரிப்பு விரைந்தது.

1902 அக்டோபர் 30-ஆம் நாள் மல்கோவால் என்னும் சிற்றூர். இன்று அது பாகிஸ்தானில் உள்ளது. அன்று அவ்வூரில் 107 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். பயன்பட்ட குப்பிகள் ஐந்து. ஒரு வார அளவில் 19 பேருக்குத் தாடை இறுகியது. உடல் வில்லாய் வளைந்தது. டெட்டனஸ் என்னும் இரண ஜன்னி! பத்தொன்பது பேரும் மாண்டனர். பிளேக்குக்கு அஞ்சி ஊசியை நம்பி வந்தவர்கள் ஊசியாலேயே மடிந்தனர்.

அந்தப் பத்தொன்பது பேருக்கும் ஒரே குப்பியிலிருந்து மருந்து சென்றிருந்தது. அதன் எண் 53-என். மற்ற நான்கு குப்பிகளிலிருந்து மருந்து பெற்றவர்களுக்கு ஒரு தீங்கும் இல்லை.

இந்த உண்மை எப்படித் தெரிந்தது? குப்பிக்கு எண் இருந்ததாலும், எவருக்கு எக்குப்பி என்று குறித்து வைத்திருந்ததாலும் தெரிந்தது. அந்தச் சிறு குறிப்பு இல்லாதிருந்தால் மல்கோவாலின் உண்மை மண்ணோடு மண்ணாகியிருக்கும். சீசாவில் பெயரும் நாளும் எழுதுவதை வீண் வேலை என்று நினைக்கும் நம்மவர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

விசாரணை

அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. பம்பாய்த் தலைமை நீதிபதி ஜென்கின்ஸ் தலைமை தாங்கினார். குப்பியைத் திறப்பதற்கு முன்பே, அதாவது பரேல் ஆராய்ச்சிச்சாலையிலேயே, நஞ்சு புகுந்திருக்க வேண்டும் என்று குழு முடிவு செய்தது. கார்பாலிக் அமிலத்தை நீக்கியதே பெருங்குற்றமாகக் காட்சியளித்தது. ஹாஃப்கின் பதவியிலிருந்து விலக்கப்பட்டு இங்கிலாந்து திரும்பினார். இலட்சக்கணக்கானோர் உயிர் காக்கப் பாடுபட்டவர் பத்தொன்பது பேரைக் கொன்றவராக ஊரார் கண்ணில் நின்றார்.

சான்றுகள் மட்டும் வேறு கதை சொல்லின. ஊசி போட்ட அன்று மல்கோவாலில் குப்பியைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்து தக்கை பிடுங்கும் இடுக்கி தரையில் விழுந்தது. அவர் அதை எடுத்துக் கார்பாலிக் நீரில் அலசினார். தீயில் காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை. அதே இடுக்கியால் தக்கையைப் பிடுங்கினார். இரண ஜன்னிக் கிருமி வாழுமிடமே மண்தான்; அதன் விதைத்துகள் கார்பாலிக் நீரில் ஒருமுறை அலசியதற்கு அழிந்துவிடுவதன்று.

மேலும் இரு சான்றுகள். அக்குப்பி அடைக்கப்பட்டு ஏறத்தாழ ஆறு வாரம் ஆகியிருந்தது. ஆறு வாரம் அக்கிருமி உள்ளே வளர்ந்திருந்தால் திறந்தவுடன் நாற்றம் வீசியிருக்கும். ஊசி போட்ட மருத்துவர் நாற்றம் எதையும் உணரவில்லை. ஆறு வாரம் வளர்ந்த கிருமி நஞ்சைக் குவித்து வைத்திருக்கும். அந்நஞ்சு உடலில் புகுந்தால் நோய்க்குறி விரைவில் தோன்றியிருக்கும். இங்கோ நோய் தலைகாட்டப் பல நாட்கள் சென்றன. அப்போதுதான் சில கிருமிகள் புகுந்து உடலுக்குள் மெல்லப் பெருகின என்பதற்கே இது பொருந்தும்.

ஆவணங்கள் முழுமையாக வெளிவர ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. வெளிவந்ததும் அறிவுலகம் வாளாவிருக்கவில்லை. கல்கத்தாவில் அவருக்குத் துணைநின்ற சிம்ப்சன் எழுதினார். மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதை நம் தெலுங்கு நாட்டுச் செகந்திராபாத்தில் 1897-இல் கண்டறிந்த ரொனால்டு ராஸ், போராட்டத்துக்குத் தலைமை தாங்கினார். 1907 ஜூலையில் பத்து அறிஞர்கள் கையெழுத்திட்ட கடிதம் லண்டன் டைம்ஸ் இதழில் வெளிவந்தது. குற்றமற்ற ஒருவருக்கு இழைத்த அநீதி என்பதோடு, தடுப்பூசியின் மீது மக்கள் வைத்த நம்பிக்கையும் பொய்யான முடிவால் குலைகிறது என்பது ராஸின் கவலை. அவ்வாண்டு நவம்பரில் அரசாங்கம் ஹாஃப்கினைக் குற்றத்திலிருந்து விடுவித்தது.

விடுவித்ததே தவிர இழந்ததைத் திருப்பித் தரவில்லை. அவர் இந்தியா வந்தபோது பரேல் அவருக்குக் கிட்டவில்லை. கல்கத்தாவில், தடுப்பு மருந்து தயாரிக்க வசதியற்ற ஓர் ஆய்வுக்கூடமே கிடைத்தது. 1914-இல் ஓய்வு பெற்று ஐரோப்பா சென்றார். 1930 அக்டோபர் 26-ஆம் நாள் ஸ்விட்ஸர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். மணம் செய்துகொள்ளவில்லை, தனியாகவே வாழ்ந்து முடிந்தார். பம்பாய் ஆராய்ச்சிச்சாலைக்கு 1925-இலேயே அவர் பெயர் சூட்டப்பட்டது. அதைக் காணும் பேறு அவருக்குக் கிட்டியது என்பது ஓர் ஆறுதல். 1897 முதல் 1925 வரை அங்கிருந்து வெளிச்சென்ற பிளேக் மருந்து 2 கோடியே 60 இலட்சம் பேருக்குப் போதுமானது. 1964-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு

கதை இத்துடன் முடிந்தால் நல்லவர் ஒருவர் பழி சுமந்தார், பின் பழி நீங்கியது என்று பெருமூச்சு விட்டுப் போய்விடலாம். நாம் அறிவியல் மாணவர்கள். இன்னும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. ஹாஃப்கின் குற்றவாளி அல்லர் எனில், குற்றவாளி அந்த உதவியாளரா?

எண்ணிப் பாருங்கள். கூட்டம் காத்திருக்கிறது, கொள்ளை நோய் வாசலில் நிற்கிறது, இடுக்கி கை நழுவுகிறது. அலசிவிட்டு வேலையைத் தொடர்கிறார். அவர் கொடியவரா? நம்முள் எவரும் செய்யக்கூடியதைச் செய்தவர். மனிதன் கையிலிருந்து இடுக்கி விழும். என்றேனும் ஒருநாள் கட்டாயம் விழும். விழுந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எண்ணுவது யார் வேலை? மருந்து செய்தவர் வேலை, அதை அனுப்பியவர் வேலை, அவசரப்படுத்திய அரசாங்கத்தின் வேலை, உதவியாளரைப் பழக்கிய மருத்துவரின் வேலை. எல்லோருடைய வேலையும்தான்.

இங்கே கார்பாலிக் அமிலத்தை மீண்டும் நினைவுகூர வேண்டும். பரேலில் அது தேவையற்றதாக இருந்திருக்கலாம். அங்கே பயின்ற கைகளும் தீயும் இருந்தன. மல்கோவால் மரத்தடியில்? ஒரே குப்பியில் பலமுறை ஊசி நுழையும் இடத்தில், தவறும் கைக்குத் துணையாக மருந்துக்குள்ளேயே ஒரு காவல் வேண்டாமா? அன்று அமிலம் இருந்திருந்தால் அந்தப் பத்தொன்பது உயிர் பிழைத்திருக்குமா என்பது வேறு. ஒரு காவலை எடுப்பவர் அதற்கு ஈடான காவல் எங்கே நிற்கிறது என்று கடைசிக் கை வரை நடந்து பார்க்க வேண்டும் என்பதே செய்தி. ஹாஃப்கின் குற்றமற்றவர். ஆயினும் அந்த வழியை நடந்து பார்க்கும் பொறுப்பில் அவருக்கும் பங்கு உண்டு. ஒருவரைக் குற்றமற்றவர் என்று கொண்டாடிக்கொண்டே, அவர் விட்ட இடத்தையும் நாம் காணலாம். அதனால் அவர் புகழ் குன்றாது.

இந்தப் பாடத்தை உலகம் விலை கொடுத்தே கற்றது. 1901-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தில் இரண ஜன்னி நஞ்சு கலந்து 13 குழந்தைகள் இறந்தனர். அடுத்த ஆண்டே இத்தகைய மருந்து செய்வோர் உரிமம் பெற வேண்டும், தொழிற்கூடம் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று அந்நாடு சட்டம் செய்தது. 1928-இல் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் நகரில் கிருமித் தடுப்பான் சேர்க்காத ஒரு குப்பியிலிருந்து பலருக்கு ஊசி போட்டனர். 12 குழந்தைகள் மாண்டனர். விசாரித்த குழு ஊசி போட்ட மருத்துவரைக் குற்றவாளியாக்கிவிட்டு எழுந்து போகவில்லை. பலமுறை திறக்கும் குப்பியில் கிருமித் தடுப்பான் இன்றி மருந்து அனுப்பலாகாது என்று விதி கண்டது. ஒரு மனிதனைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது ஒரு பழி. காரணத்தைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது ஒரு விதி. அவ்விதி இன்றும் குழந்தைகளைக் காக்கிறது.

நம் நாட்டில் மருந்துச் சட்டம் 1940-இல் வந்தது. சட்டம் இருந்தால் போதுமா? 2025-இல் நமக்கு அண்மையிலுள்ள காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருந்தது. மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தனர். மருந்தெழுதிய மருத்துவர் கைதானார். ஆலை உரிமையாளர் கைதானார். குற்றம் செய்தவருக்குத் தண்டனை வேண்டியதே. ஆனால் மூலப்பொருளைப் பெற்றவர், சோதித்திருக்க வேண்டியவர், ஆலையைப் பார்வையிட்டிருக்க வேண்டியவர், சந்தைக்குப் போகுமுன் தடுத்திருக்க வேண்டியவர் என ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவலர் உண்டு. எல்லா வாசலும் திறந்து கிடந்ததால்தான் நஞ்சு தொட்டில் வரை சென்றது. மல்கோவாலின் கேள்வி பழங்கதையாகிவிடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழி ஏன் அவ்வளவு எளிதில் ஹாஃப்கின் மீது விழுந்தது? அவர் ஆங்கிலேயர் அல்லர், மருத்துவப் பட்டம் இல்லாதவர், யூதர். பிரான்சில் செய்யாத குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற யூதப் படை அதிகாரி டிரைஃபஸின் வழக்கோடு இதை ஒப்பிட்டுப் பேசியோரும் உண்டு. விசாரணையில் ஒருவருடைய ஊரும் பிறப்பும் நுழைந்துவிட்டால் சான்று பின்வாசல் வழியே வெளியேறிவிடுகிறது. வேற்று மொழி மண்ணில் குடிபெயர்ந்து வாழும் குடும்பங்களிலிருந்து வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்மை அப்படி எண்ணக்கூடாது என்று கேட்கும் நாம், நம் ஆய்வுக்கூடத்தில் ஏதேனும் உடைந்தால் முதலில் புதியவனையும் ஏவலரையும் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம்முள் சிலர் நாளை மருந்தாலையில் இருப்போம், சிலர் சோதனை அதிகாரிகளாவோம், சிலர் ஆசிரியராவோம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சீசாவில் பெயரும் நாளும் எழுதுவோம். அவசரத்துக்காக ஒரு காவலை நீக்குமுன், அடுத்து வரும் கைகளை நினைப்போம். நம் கையிலிருந்து இடுக்கி விழுந்தால் விழுந்தது என்று உரக்கச் சொல்வோம். அப்படிச் சொன்னவனைத் திட்டாமல், நல்லவேளை சொன்னாய் என்று புது இடுக்கி எடுத்துக் கொடுப்போம். சொல்ல அஞ்சுகிறவன் இருக்கும் கூடத்தில் எந்தச் சட்டமும் பயன்படாது. அஞ்சாமல் சொல்கிறவன் இருக்கும் கூடத்தில் பாதிச் சட்டம் ஏற்கெனவே நிறைவேறிவிட்டது.